மழைமேல் போட்ட பழி

மகனே, அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. அப்படித் தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். எனக்குச் சளி பிடித்திருக்கிறது. நேற்று எழும்பும்போதே தொண்டையில் கரகரப்பு. இன்றைக்கு மூக்கு ஒழுகுகிறது, தும்மல் அடுக்கடுக்காக வருகிறது. இதற்கெல்லாம் ஒரு கடிதமா, அம்மாவுக்கு வேலை வெட்டி இல்லையா என்று நீ சிரிப்பாய். சிரிக்காமல் கடைசிவரை படி. வேலைக்கும் போகாமல், வீட்டு வாசலில் இஸ்தோப்புத் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்து, நான் வேலை பார்க்கிற பிள்ளை மடுவத்துப் பழைய வரவுப் புத்தகத்தில் மிச்சமிருந்த தாள்களில் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன். இன்று வியாழக்கிழமை. ஞாயிறு விடிய நீங்கள் வத்தளையிலிருந்து வான் வண்டியில் ஏறுவதற்குள் இது உன் கண்ணில் பட்டாக வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் எனக்குச் சளி, வராதே என்று சொல்லத்தான் போன் எடுத்தேன். வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது. “தம்பி, இந்த ஞாயித்துக்கெழம வேணாம்ப்பா. இங்க குளிரு தாங்க முடியல. பாப்பாவுக்கு ஒத்துக்காது” என்றேன். நீ சிரித்துக்கொண்டே, “அதுக்குத்தான் ஹீட்டர் ஒண்ணு வாங்கிட்டேனேம்மா. காம்பராவுக்குள்ள வச்சு ஜன்னல், கதவெல்லாம் சாத்திட்டா ஒண்ணும் ஆகாது. நீங்க பயப்படாதீங்க” என்றாய். போனை வைத்த பிறகுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது. எட்டாம் மாதத்தில் பிறந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இப்போதுதான் ஒழுங்காகப் பால் குடிக்கத் தொடங்கியிருக்கிற பிள்ளை உன் மகள். அதனால் தள்ளிப்போன முப்பத்தொன்றாம் நாள் சடங்கைத்தான் ஞாயிற்றுக்கிழமை லயத்தில் வைத்துச் செய்யப் போகிறோம். வரிசையாக ஒட்டியிருக்கிற இருபது வீட்டுச் சனமும் வரும். ஆளாளுக்குப் பிள்ளையைக் கையில் வாங்குவார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், முத்தம் கொடுப்பார்கள். கொடுக்காதே என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இத்தனை பேரையும் ஒரு சின்னக் காம்பராவுக்குள் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ஹீட்டரையும் போட்டுவிட்டால் சளிக்கு அதைவிட வசதியான இடம் இந்த டயகம பக்கத்திலேயே கிடைக்காது. நான் குளிர் என்று சொன்ன ஒரே வார்த்தையால் நீ சரியாக அந்த வேலையைத்தான் செய்யப் போகிறாய்.

உன் அப்பாவிடம் காலையில் சொல்லிப் பார்த்தேன். அவர் பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, இனி ஆண்டவனே தடுத்தாலும் நிற்காது என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். “சளிக்குப் பயந்து விசேஷத்த நிப்பாட்டுனதா எங்கயாச்சும் கேட்டிருக்கியா நீ? மூக்குன்னா ஒழுகத்தான் செய்யும். கொத்தமல்லி அவிச்சுக் குடி, ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாயிரும்” என்றார். “எனக்குச் சரியாகுறது இருக்கட்டுங்க. புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா?” என்று கேட்டேன். “புள்ளைக்கு ஏன் வருது? குளிரு படாம நல்லா போத்தி வச்சா வராது” என்றார். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் அவர் சொன்ன அதே பேச்சு. அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை, இன்று காலையிலும் சொல்லவில்லை. அவர் டவுனுக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்குச் சளியைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைக்கலாம். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற மடுவத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். மூக்கைத் துடைத்துத் துடைத்தே என் முந்தானைகள் நைந்து போயிருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் இருக்கும்போது, நோர்வூட், உடப்புசல்லாவை என்று பல பக்கத்துப் பிள்ளை மடுவக்காரிகளையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். சிங்களத்து மருத்துவிச்சி மிஸ் ஒருவர் வந்திருந்தார். தமிழை நிறுத்தி நிறுத்தி, ஆனால் அழகாகப் பேசுவார். சளி ஏன் வருகிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். நாங்கள் விடுவோமா? பனி என்றாள் ஒருத்தி. மழை, ஈரத் தலை, தயிர், ஐஸ் பழம் என்று அடுக்கினோம். நான் மழை என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். “இல்ல அக்கா. சீத்தல வேற, ஹெம்பிரிஸ்ஸாவ வேற” என்றார். சிங்களத்தில் குளிருக்கு ஒரு பேர், சளிக்கு இன்னொரு பேர். ஒன்றுக்கொன்று ஒட்டே கிடையாது. “குளிருல இருந்து வராது. ஆளுகிட்ட இருந்து ஆளுக்கு வர்றது” என்றார்.

பிறகு அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு இது வேண்டும். சளிக்குக் காரணம் வைரஸ். ஒன்றிரண்டு வகை இல்லை, நூற்றுக்கு மேல் இருக்கிறதாம். அதனால்தான் ஒரு தடவை வந்து போனாலும் அடுத்த மாதம் வேறொன்று புதுசாக வந்து நிற்கிறது, தடுப்பூசியும் போட முடிவதில்லை. அது மூக்குக்குள்ளேதான் குடியிருக்கும். தும்மினால் பறக்கும். மூக்கைத் துடைத்த கையால் கதவைத் தொட்டால் கதவில் இருக்கும், அதை அடுத்தவன் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினால் அவனுக்குள் போய்விடும். மூக்கு ஒழுகத் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடும். குளிரில் நனைந்தால் மூக்கு கொஞ்சம் சோர்ந்து போகலாம், ஆனால் வைரஸ் இல்லாமல் எவ்வளவு நனைந்தாலும் சளி பிடிக்காது. மழைக்காலத்தில் சளி கூடுவதற்குப் பெரிய காரணம், நாம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே காம்பராவுக்குள் மூச்சு விடுவதுதான் என்றார். பெரியவர்களுக்கு ஒரு வாரத் தொல்லை. ஆனால் சில மாதமே ஆன பிள்ளைக்கு, அதிலும் நாள் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு, அதே சளி நெஞ்சுக்கு இறங்கிவிடலாம். அந்த வயதில் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் உறிஞ்ச முடியாது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். என் பேனா நின்றுவிட்டது. எனக்கு உன் தங்கச்சி ஞாபகத்துக்கு வந்தாள், அவளுக்குப் பின்னாலேயே நீயும் வந்தாய்.

அவளைப் பற்றி நம் வீட்டில் பேசுவதில்லை. இன்றைக்குப் பேசியாக வேண்டும். உனக்கு அப்போது ஆறு வயது, அவளுக்கு முப்பத்தைந்து நாள். ஆடி மாதம், விடாத மழை. பிள்ளை பெற்றவள் வாசலைத் தாண்டக்கூடாது என்று உன் அப்பா கட்டளை. முப்பத்தைந்து நாளாக இருட்டுக் காம்பராவுக்குள் இருந்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. மேல் லயத்தில் ஒரு வீட்டில் புதிதாக டீவி வாங்கியிருந்தார்கள், அன்று பகல் படம் போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அப்பா தேயிலை பெக்டரியில் இருந்தார். பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். உன்னைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, “பாப்பா அழுதா ஓடியாந்து கூப்புடு. அம்மா போனத அப்பாகிட்ட சொல்லிறாத, என்னா?” என்றேன். நீ பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினாய். அங்கே இருபது பேருக்கு மேல் இருந்தோம். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கை வேறு திணித்திருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் படம் முடியும்வரை தும்மினாள், மூக்கைச் சிந்தினாள், அதே கையால் எனக்கு அவித்த கடலை அள்ளிக் கொடுத்தாள். நான் வாங்கித் தின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி வந்தபோது நீ தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி, இருந்த இடத்திலேயே இருந்தாய்.

இரண்டாம் நாள் எனக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. “என்னா, மூக்க உறிஞ்சிக்கிட்டே இருக்க?” என்று அப்பா கேட்டார். சளி என்று சொன்னால் எங்கே போனாய் என்று கேட்பார். “பச்ச வெறகுங்க. அடுப்புப் பொகை” என்றேன். புகை சூழ்ந்த லயத்துக் காம்பராவில் அதைவிட எளிதாக நம்பக்கூடிய பொய் கிடையாது. கண் சிவந்திருக்கிறதா, புகை. குரல் கம்மியிருக்கிறதா, புகை. அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஒன்றுமே இல்லாதவள் மாதிரி நடந்துகொண்டேன். மூக்கைத் துடைத்த துணியாலேயே அவள் வாயைத் துடைத்தேன், அணைத்துப் பால் கொடுத்தேன், முத்தம் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள்தான் நீ பள்ளிக்கூடம் விட்டு மழையில் ஆடிக்கொண்டு தொப்பலாக வந்தாய். புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டிலுக்கு ஓடி, ஈரக் கையை அவள் கன்னத்தில் வைத்தாய். அவள் திடுக்கிட்டு அழுதாள். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. இரண்டு வாய் உறிஞ்சுவாள், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழுவாள். நாங்கள் ஜன்னலை இன்னும் இறுக்கிச் சாத்தினோம். கரிச் சட்டியில் நெருப்புப் போட்டுத் தொட்டிலுக்கு அடியில் வைத்தோம். கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தினோம். அடுத்த நாள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. தோட்டத்து டொக்டர் பார்த்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். கொழுந்து லொறியில் முன்னால் ஏற்றிக்கொண்டு போனோம். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, நியூமோனியா என்றார்கள். இரண்டாம் நாள் பகல் என் மடியிலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த அன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். லயத்துச் சனம் எல்லாம் பார்க்க, அப்பா கம்பை எடுத்தார். “நீ மழையில ஆடிட்டு வந்து தொட்டதுலதான்டா புள்ளைக்குக் குளிரு ஏறுச்சு! ஏன்டா தொட்ட?” என்று அடித்தார். நீ அழவில்லை, என்னைப் பார்த்தாய். நான் படம் பார்க்கப் போனதற்கும் பிள்ளை செத்ததற்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஆறு வயதில் உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கே அப்போது தெரியாது. ஆனால் எனக்குத்தான் முதலில் சளி பிடித்தது என்பது எனக்குத் தெரியும். “அடிக்காதீங்க, எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கம்பு நின்றிருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா போனதைச் சொல்லாதே என்று உன்னிடம் வாங்கிய வாக்கை நீ அத்தனை அடிக்கும் நடுவில் காப்பாற்றினாய். பெற்றவள் நான் உன்னைக் காப்பாற்றவில்லை.

அந்த வகுப்புக்குப் பிறகாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பதினொரு வருஷம் சொல்லவில்லை. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள் என்று மடுவத்துப் பிள்ளைகளிடம் நாள் முழுக்கச் சொல்கிற நான், பெற்ற பிள்ளையைக் கைகழுவி விட்டிருந்தேன். கொரோனா வந்தபோது, சனமெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு வைரஸ், வைரஸ் என்று பேசியபோது, நீ எதையாவது யோசித்துக் கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன். நீ கேட்கவில்லை. அதில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. என்னிடமிருந்துதான் அவளுக்குப் போனது என்று இன்றைக்கு யாராலும் சத்தியம் செய்ய முடியாது. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரிடமிருந்தாவது போயிருக்கலாம். ஆனால் அந்த வாரம் அவளோடு அந்தக் காம்பராவுக்குள் மூக்கு ஒழுகக் கிடந்தவள் நான். உனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. உன் கையில் இருந்தது வெறும் மழைத் தண்ணீர், மகனே. அது யாரையும் கொல்லாது.

போன வாரம் ரேணுகா போனில் பேசும்போது ஒன்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “அத்தை, ஒங்க மகன் இன்னும் பாப்பாவத் தூக்கவே இல்ல. கையைக் கழுவுனா ஈரம்ங்கிறாரு, தொடச்சாலும் ஜில்லுன்னு இருக்குங்கிறாரு. கிட்ட நின்னு பாத்துட்டே இருக்காரு” என்றாள். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்துவிட்டு, பின்பக்கம் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். அவளுக்குத் தெரியாது நீ ஏன் தூக்கவில்லை என்று. எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக மழை தூறினாலே நீ ஓடி ஒதுங்குவதும், ஒரு ஆளுக்கு இரண்டு குடை வாங்கி வைப்பதும், உன் கல்யாணத்தன்று மழை வந்ததும் உன் முகம் செத்துப்போனதும் எனக்குத் தெரியும். உன்னைக் குளிருக்குப் பயந்தவன் என்று நம் சனம் கேலி செய்தபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அதனால் இப்போது சொல்வதைக் கேள். ஞாயிற்றுக்கிழமை வராதே. எனக்குச் சளி முழுக்க விட்ட பிறகும் இரண்டு வாரம் போகட்டும். மடுவத்தில் இப்போது ஒன்பது பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று பாப்பாவை வாங்குவார்கள். அங்கேயும் தும்முகிறவர் யாராக இருந்தாலும் பிள்ளைக்குக் கிட்ட விடாதே, உன் மேலதிகாரியாக இருந்தாலும் சரி. பிள்ளைக்குப் பால் குடிக்க முடியாமல் போனால், மூச்சு வேகமாக வாங்கினால், ஆவி, கசாயம் என்று யார் சொல்வதையும் கேட்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. ஹீட்டரைக் கடையில் திருப்பி எடுத்தால் கொடுத்துவிடு. பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, துடைத்துவிட்டு, உன் மகளைத் தூக்கு. கை ஜில்லென்றுதான் இருக்கும். கொஞ்சம் சிணுங்குவாள், அவ்வளவுதான்.

அப்பா டவுனிலிருந்து வரும் நேரமாகிறது. படி ஏறியதும் அவரிடம் சொல்லப் போகிறேன், படம் பார்க்கப் போனதிலிருந்து எல்லாவற்றையும். கத்துவார். இத்தனை வருஷம் கழித்து ஏன் சொன்னாய் என்பார். பந்தல்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்பார். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், எனக்கு அது வேண்டியதுதான். இதைப் படித்த பிறகு உன் பிள்ளையை என் கையில் தரலாமா வேண்டாமா என்று நீ யோசித்தால் அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன். நீ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே.

இதை உனக்குள் பூட்டி வைக்காதே. ரேணுகாவிடம் கொடு, அவள் வீட்டார் கேட்டால் அவர்களிடமும் காட்டு. பயணம் ஏன் நின்றது என்று அவள் முதலில் கேட்பாள். எனக்காகப் பார்த்து, அங்கே குளிர் என்று சொல்லிவிடாதே. சளி என்று சொல். யாருக்கு என்று கேட்பாள். எங்கம்மாவுக்கு என்று சொல்.